வாடகை வீடா? மோனே தோட்டம் போட்டதும் அங்கதான்!

வாடகை வீடுதானே, இதுல எதுக்குச் செடி வைக்கணும்னு யோசிக்கிறீங்களா? ஓவியர் கிளாட் மோனே அப்படி யோசிக்கலை.

1883-ல் பிரான்ஸின் ஜிவெர்னி கிராமத்துக்குக் குடிவந்தப்போ அவருக்கு வயசு 42. வீட்டுல எட்டுப் பிள்ளைங்க, கையில காசு கம்மி. ஆனாலும் வந்ததுமே மண்ணைக் கொத்த ஆரம்பிச்சுட்டார். பிள்ளைகளும் சேர்ந்து தோட்ட வேலை பார்த்தாங்க. ஓவியங்கள் நல்லா விற்க ஆரம்பிச்சு, 1890-ல்தான் அந்த வீட்டை அவரால வாங்க முடிஞ்சது.

1893-ல் பக்கத்துல நிலம் வாங்கி, ஓடைத் தண்ணியைத் திருப்பி அல்லிக்குளம் அமைக்கப்போனார். ஊர்க்காரங்க விடலை. வெளிநாட்டுச் செடியால தண்ணி கெட்டுடும்னு பயம். அதிகாரிகளுக்கு எழுதிப் போராடித்தான் அனுமதி வாங்கினார். பின்னாடி, அல்லி இலைகள்ல படியுற தூசியைக் கழுவவே படகுல ஒரு தோட்டக்காரர் போவாராம். கொஞ்சம் ஓவர்தான்!

இதுல ஒரு விஷயம் கவனிங்க. அந்த அல்லிகளை அவர் வரையறதுக்காக வைக்கலை. பார்க்க ஆசைப்பட்டு வெச்சார். அதை வரையலாம்னு தோணவே சில வருஷம் ஆச்சு.

அப்புறம் விடவே இல்லை. 1911-ல் மனைவி இறந்தாங்க, 1914-ல் மூத்த மகன் போயிட்டார். கண்புரை வந்து நிறங்களே குழம்பிப்போச்சு. பெயின்ட் டியூப்ல இருக்குற பேரைப் பார்த்து நிறம் எடுத்து, அதே குளத்தைத்தான் வரைஞ்சார். 1923-ல் ஆபரேஷன் முடிஞ்சும் வரைஞ்சார். 1926 டிசம்பர்ல, அதே ஜிவெர்னி வீட்டுல இறந்தார். அல்லி ஓவியங்கள் மட்டுமே சுமார் 250.