உள்ளப் பிணி தீர்த்த ரிவர்ஸ்

உடலிற் பட்ட புண்ணைக் கண்டு இரங்கும் உலகம், உள்ளத்திற் பட்ட புண்ணைக் காணும்போது பெரும்பாலும் நகைக்கின்றது, அன்றேல் வெறுக்கின்றது. துன்புற்றவன் தன் துயரை வாய்விட்டு உரைத்தலும், அதனை மருத்துவன் பொறுமையோடு கேட்டலுமே ஒருவகைச் சிகிச்சையாகும் எனக் கண்டு ஒழுகியவருள் ஆங்கில அறிஞர் ரிவர்ஸ் ஒருவர். நீலகிரி மலையிலும் பல திங்கள் தங்கிச் சென்றவராதலின், அவர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர்.

இவர் 1864ஆம் ஆண்டில் கெண்ட் மாகாணத்தில் ஒரு குருவானவர்க்கு மகனாய்ப் பிறந்தார். தந்தையார் திருப்பணியோடு திக்குவாயைத் திருத்தும் பயிற்சியும் அளித்துவந்தார். ஆலிஸ் கதைகளை எழுதிய லூயி காரல் என்பாரும் அவரிடம் பயின்றவரே. ஆயினும் சொந்த மகனுடைய நாத்தடை மட்டும் முற்றும் நீங்கிற்றில்லை. ஊரார் நாவையெல்லாம் திருத்தும் வீட்டில் திக்கித் திக்கிப் பேசி வளரும் சிறுவன் என்ன பாடு பட்டிருப்பான் என்பதை நாமே உய்த்துணரலாம். பேச முடியாதவன் படும் வேதனையை இவர் ஏட்டிற் கற்றாரல்லர்.

1886இல் மருத்துவப் பட்டம் பெற்ற இவர், சில ஆண்டுகளிற் கேம்பிரிட்ஜில் உளநூல் கற்பிக்கும் ஆசிரியரானார். 1898இல் ஹாடன் என்பார் தலைமையில் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்றபோது, மக்களின் கொடிவழியை அவர்கள் வாயாலேயே கேட்டறியும் முறையொன்றை வகுத்தார். 1901, 1902ஆம் ஆண்டுகளில் நீலகிரித் தோடரிடையே தங்கி, மந்து மந்தாகச் சென்று, அவர்தம் உறவுமுறை, எருமை வழிபாடு முதலியவற்றைக் கேட்டெழுதினார். மறைவான சடங்குகளை இவருக்கு உரைத்தோர் சிலர்க்கு அடுத்தடுத்துத் துன்பங்கள் நேர்ந்தன. மறைபொருளை வெளியிட்டமையால் வந்த தெய்வச் சினம் இஃதென்று குறிசொல்வோர் கூற, அஞ்சியவர் வாய் மூடிக்கொண்டனர். மனத்தில் உள்ளதைப் பிறனுக்கு உரைத்தல் எத்துணை அச்சந் தரும் செயல் என்பதை இவர் அங்கும் கண்டிருத்தல் வேண்டும். தோடரைப் பற்றிய இவர் நூல் 1906இல் வெளிவந்தது. இவர்தம் பிற ஆராய்ச்சிகளை விரிப்பிற் பெருகும்.

1914இல் மூண்ட பெரும்போர் இவர் வாழ்வைத் திருப்பிற்று. பீரங்கிக் குண்டுகளின் முழக்கத்திடையே மாதக்கணக்காய்ப் பதுங்குகுழியிற் கிடந்த வீரர் பலர், உடலிற் காயமொன்றும் இன்றியே பேச்சிழந்தனர், கைகால் நடுங்கினர், உறங்கினால் அலறி எழுந்தனர். போர் முடிவதற்குள் பிரித்தானியச் சேனையில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் இந்நோயாற் பீடிக்கப்பட்டனர். கோழைகள் என்றே பலர் அவர்களை இகழ்ந்தனர். மின்சாரம் பாய்ச்சிப் பேசவைக்க முயன்ற மருத்துவரும் இருந்தனர். களத்தைவிட்டு ஓடுதல், கோழைமை முதலிய குற்றங்கட்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட வீரர் 300க்கு மேற்பட்டவர். அவர்களுக்கு மன்னிப்பு வழங்க அந்நாட்டு அரசாங்கத்திற்கு 2006ஆம் ஆண்டுவரை காலம் வேண்டியிருந்தது!

ரிவர்ஸ் 1915இல் லிவர்ப்பூல் அருகிலுள்ள மாகல் மருத்துவமனையிலும், 1916 முதல் எடின்பரோ அருகிலுள்ள கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையிலும் பணியாற்றினார். நோயாளிகட்கு உற்றார் நண்பர் யாவரும் அந்நாள் கூறிய அறிவுரை ஒன்றே: நடந்ததை மறந்துவிட வேண்டும் என்பது. பகலெல்லாம் முயன்று அடக்கிய நினைவு இரவிற் பேயுருக்கொண்டு எழுகின்றது என்பதை இவர் கண்டார். பிராய்டின் கொள்கை முழுவதையும் ஏற்றாரல்லர். எல்லா உளநோய்க்கும் காம உணர்ச்சியே மூலம் என்பதை மறுத்து, அடக்கப்பட்ட நினைவே நோயை வளர்க்கும் என்பதை மட்டும் கைக்கொண்டார்.

ஓர் இளம் அதிகாரி, தன் தோழனைத் தேடிச் சென்று, குண்டினாற் சிதறுண்ட உடலைக் கண்டவன். இரவுதோறும் அக்காட்சியே கனவில் வந்து அவனை வாட்டிற்று. உடல் அவ்வாறு சிதறியதே தோழன் நெடிது துன்புறாமல் நொடியில் இறந்தான் என்பதற்குச் சான்றன்றோ என்று ரிவர்ஸ் அவனுக்கு எடுத்துக் காட்டினார். நினைவை விரட்டாமல் அதனை இவ்வாறு நோக்க உடன்பட்டான் அவன். சில இரவுகள் கனவின்றிக் கழிந்தன. பின்னர் வந்த கனவில், தோழன் உடலருகே மண்டியிட்டு, அவன் குடும்பத்தார்க்கு அனுப்புதற்காக அவன் இடைக்கச்சைக் கழற்றிக் கொண்டிருக்கையில் விழித்தான். அச்சம் இல்லை, கண்ணீர் மட்டும் பெருகிற்று. திகில் துயரமாக மாறிற்று. துயரத்தையோ மனிதன் தாங்க வல்லவன். இன்னொருவனுக்கோ அத்தகைய ஆறுதல் ஒன்றையும் தம்மாற் காட்ட இயலவில்லை என்பதையும் இவர் மறையாது எழுதியுள்ளார். வெற்றிகளை மட்டும் அடுக்குவோர் நூல்களினும் இவர் எழுத்தை நாம் நம்புதற்கு இதுவே காரணம்.

குணமடைந்தவன் செல்லுமிடம் யாது? மீண்டும் போர்க்களமே. மருத்துவர்க்கு இதனினும் கொடிய இக்கட்டு உண்டோ? 1917இல், போரை நீட்டித்தல் தகாதென்று வெளிப்படையாய்க் கண்டித்த கவிஞர் சஸூன், நோயாளி என்ற பெயரால் இவரிடம் அனுப்பப்பட்டார். அவரிடம் நோய் இல்லை என்பதை ரிவர்ஸ் விரைவில் அறிந்தார். இருவரும் மாலைவேளைகளில் அடிக்கடி உரையாடி நெருங்கினர். படைச்சீருடை அணிந்த தாமே அவர் கொள்கைக்கு மாறிவிட்டால் என்னாகும் என்னும் கலக்கம் தம் கனவிலும் புகுந்தமையை ரிவர்ஸ் ஆராய்ந்து எழுதினார். சஸூன் தம் வீரரைக் கைவிட மனமின்றி நவம்பரிற் களந்திரும்ப இசைந்தார். 1918இல் தலையிற் குண்டடிபட்டும் பிழைத்தார். ரிவர்ஸ் செய்தது முற்றும் சரியே என்று கூற எமக்குத் துணிவில்லை. அவர்க்கும் அத்துணிவு இருந்ததாகத் தோன்றவில்லை.

போருக்குப் பின் கேம்பிரிட்ஜ் திரும்பிய ரிவர்ஸை நண்பர் வேறொருவராகவே கண்டனர். கூச்சத்தால் ஒதுங்கி வாழ்ந்தவரின் அறைக்கதவு மாணாக்கர்க்கு எப்போதும் திறந்திருந்தது. பிறரைப் பேசவைத்தவர் தாமும் மனந்திறந்து பேசப் பழகிக்கொண்டார் போலும். 1922 ஜூன் 4ஆம் நாள், குடலிறக்க நோய் திடீரென முற்றியதால் இறந்தார். சஸூன் 1936இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில், தமக்கும் தம் நண்பர்க்கும் புனைபெயர் இட்டு எழுதியவர், இம்மருத்துவர் ஒருவர்க்கு மட்டும் ரிவர்ஸ் என்னும் மெய்ப்பெயரையே வைத்தார்.