எட்டு வருஷம் காத்திருந்த நாச்சியார்

நான் பத்தாவது வரைதான் படிச்சவள். ஊர் கம்பம் பக்கம். மலருக்கு ஒரு தலைவரைப் பற்றி எழுதச் சொன்னாங்க. எனக்கு வேலு நாச்சியார்தான் ஞாபகம் வந்தார். தைப்பூசத்துக்கு நாங்க பழனிக்கு நடந்து போகும்போது ஒட்டன்சத்திரம் தாண்டி விருப்பாச்சி வரும். அவர் தஞ்சம் இருந்த ஊர் அது.

1730-ல் ராமநாதபுரம் சேதுபதி குடும்பத்தில் பிறந்தார். வாள், சிலம்பம், குதிரை ஏற்றம் எல்லாம் பழகினார். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதருக்கு வாழ்க்கைப்பட்டார். 1772-ல் ஆற்காடு நவாப் படையும் வெள்ளைக்காரக் கம்பெனிப் படையும் சேர்ந்து மன்னரைக் காளையார்கோவிலில் கொன்றுவிட்டன. சீமை பறிபோனது. நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு தப்பினார். மருது சகோதரர்களும் தாண்டவராய பிள்ளையும் துணை. விருப்பாச்சி கோபால் நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். மைசூர் ஹைதர் அலியிடம் படை உதவி கேட்டார்.

ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை, எட்டு வருஷம் காத்திருந்தார். பெண்களுக்கென்றே தனிப்படை வைத்திருந்தார் என்று சொல்றாங்க. 1780-ல் ஹைதர் கொடுத்த படையும் மருதுகள் திரட்டிய ஆட்களும் சேர, சிவகங்கையை மீட்டார். 1796-ல் காலமானார்.

அவர் வளர்த்த மருதுகள் 1801-ல் காளையார்கோவில் காட்டில் மறைந்திருந்து கம்பெனியைத் தாக்கினாங்க. பீரங்கி கம்பெனியிடம். காடும் ஜனமும் மருதுகளிடம். சோறு கொண்டு போகவும், பாதை காட்டவும், காட்டிக் கொடுக்காமல் இருக்கவும் ஜனம் வேணும். அதைக் கூலி கொடுத்து வாங்க முடியாது. நம்ம மண்ணு என்ற நினைப்புதான் அதைச் செய்ய வைக்கும். நாச்சியார் தன் சீமைக்காகப் போராடினார். மருதுகளோ எல்லா சாதியும் ஒன்று சேரணும் என்று திருச்சியில் அறிக்கை ஒட்டினாங்க. சொந்தச் சீமைப் பற்று நாட்டுப் பற்றாக வளர்ந்தது அங்கேதான். அந்த அக்டோபர் 24-ல் அவங்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்டாங்க. அடைக்கலம் கொடுத்த கோபால் நாயக்கருக்கும் அதே வருஷம் தூக்கு.

எங்க குழு மூணாவது வருஷம் உடையப் பார்த்தது. ரெண்டு பேரால கடன் கட்ட முடியலை. என் சேமிப்பைத் திருப்பிக் கேட்டு நானும் எழுதிக் கொடுத்துட்டேன். அந்தத் தை மாசம் விருப்பாச்சியில் கால் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்தப்போ, எட்டு வருஷம் இங்கே ஒரு பொம்பளை பொறுத்திருந்தாளே என்று நினைச்சேன். ஊர் திரும்பினதும் அந்தத் தாளை வாங்கிக் கிழிச்சேன். கடன் கட்ட முடியாத ரெண்டு பேரும் இன்னும் எங்க குழுவில்தான் இருக்காங்க. தவணை முழுசும் கட்டி முடிச்சாச்சு.