இரத்தத்தின் கணக்கைக் கண்ட ஹெவெசி

அணு மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஜார்ஜ் டி ஹெவெசி 1885-இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டிடம் பணியாற்றியபோது, ஈயத்திலிருந்து ரேடியம்-டி என்ற கதிரியக்கப் பொருளைப் பிரிக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. எவ்வளவு முயன்றும் முடியவில்லை.

அந்தத் தோல்வியே வழிகாட்டியது. பிரிக்க முடியாத கதிரியக்க அணு, சாதாரண அணு செல்லும் இடமெல்லாம் உடன் செல்லும். அதன் கதிர்வீச்சை அளந்தால் பாதை தெரிந்துவிடும்.

கோப்பன்ஹேகனில் சிவப்பணுக்களில் கதிரியக்கப் பாஸ்பரஸை ஏற்றி உடலில் செலுத்தினார். அது நன்கு கலந்தபின் எடுத்த சிறிதளவு இரத்தத்தை அளந்து, உடலின் மொத்த இரத்த அளவைக் கணித்தார்.

யூத வம்சாவளியினரான அவர், 1943-இல் நாஜிகளிடமிருந்து தப்பிச் சுவீடன் சென்றார். அவ்வாண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. 1966-இல் மறைந்தார்.

இன்று பெட் ஸ்கேன் ஆய்வுகளில் நிமிடக் கணக்கில் இரத்தம் எடுத்துக் கதிரியக்கத்தை அளப்பதும் அவர் காட்டிய வழிதான்.