பெர்லின் மாணவர் ஜாகிர் உசேன்

கல்வி தேடிக் கடல் கடந்தோர் நம் நாட்டில் பலர். பட்டம் பெற்று மீண்டோரும், அதனால் பதவி பெற்று உயர்ந்தோரும் பலர். ஆயின், அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒரு மாணவரின் நோக்கை எவ்வாறு மாற்றியது, அம்மாற்றம் தாய்நாட்டுக்கு எவ்வாறு பயன்பட்டது என்று ஆராயப் புகின், முதலில் நினைவுக்கு வருபவர் டாக்டர் ஜாகிர் உசேன். இந்தியாவின் மூன்றாம் குடியரசுத் தலைவராக அவரை அறிந்தோர் மிகுதி. பெர்லின் மாணவராக அறிந்தோர் குறைவு.

1897 பிப்ரவரி 8 அன்று ஹைதராபாத்தில் பிறந்த ஜாகிர் உசேன் இளமையிலேயே பெற்றோரை இழந்தார். இட்டாவா இஸ்லாமியப் பள்ளியில் பயின்றபின் அலிகார் கல்லூரியை அடைந்தார். 1920 அக்டோபரில் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அங்கு வந்து, ஆங்கில அரசின் உதவி பெறும் கல்லூரியைத் துறக்குமாறு மாணவரை அழைத்தனர். ஜாகிர் உசேன் தயங்காது வெளியேறினார். அம்மாதம் 29ஆம் நாள் அலிகாரிலேயே ஜாமியா மில்லியா இஸ்லாமியா தோன்றியது. அதனைத் தோற்றுவிக்க உழைத்த இளைஞருள் அவரும் ஒருவர்.

1922இல் அவர் உயர்கல்விக்காகப் புறப்பட்டபோது, அக்காலத்தார் வழக்கமாகச் செல்லும் இங்கிலாந்தை விடுத்து ஜெர்மனியை நாடினார். போரில் தோற்று நொந்து கிடந்த நாடு அது. 1923இல் அதன் நாணயம் அடியோடு மதிப்பிழந்தது. அத்துணை வறுமையிலும் பல்கலைக்கழகங்கள் ஆய்வைக் கைவிடாதிருந்ததை அவர் அருகிருந்து கண்டார். பொருளியல் அறிஞர் வெர்னர் சோம்பார்ட் அப்போது பெர்லினில் கற்பித்து வந்தார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் நம் சிந்தனைக்குரியது. ஐரோப்பியத் தொழில் வளர்ச்சியையோ வங்கி முறையையோ அவர் தேர்ந்திலர். பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவின் வேளாண் அமைப்பையே ஆராய்ந்து 1926இல் முனைவர் பட்டம் பெற்றார். உழவனின் நிலத்தை ஊரிலிருந்தபோது கண்ணாற் கண்டவர், அந்நிலை எங்ஙனம் உருவாயிற்று என்பதைத் தொலைவிலிருந்துதான் ஆராய்ந்து தெளிந்தார்.

பெர்லினில் அவர் கற்றது பல்கலைக்கழகத்தோடு முடியவில்லை. காவியானி அச்சகத்தில் தம் கையாலேயே எழுத்துக் கோத்து, 1925இல் மிர்சா காலிபின் உருதுக் கவிதைத் தொகுதியை அழகிய பதிப்பாக வெளியிட்டார். தாய்மொழிக் கவிஞரை அயல்நாட்டு அச்சகத்தில் அழகுபடுத்திய அச்செயல் ஒன்றே அவர் உள்ளம் எத்திசையில் விரிந்தது என்பதைக் காட்டும். காந்தியடிகளைப் பற்றி ஜெர்மன் மொழியில் 1924இல் ஒரு நூல் வெளிவரவும் துணைநின்றார். கையால் உழைத்து அறிவு பெறும் பள்ளியை வற்புறுத்திய கெர்ஷென்ஷ்டைனரின் கல்விக் கொள்கை அவரைப் பெரிதும் ஈர்த்தது. இசையரங்குகளுக்கும் ஓவியக் கூடங்களுக்கும் சென்றார். ஆபித் உசேன், முகம்மது முஜீப் ஆகியோரின் நட்பும் அங்கேதான் உறுதிப்பட்டது.

அவ்வமயம் தாயகத்தில் ஜாமியா தள்ளாடிக்கொண்டிருந்தது. 1924இல் துருக்கியில் கிலாஃபத் ஒழிக்கப்பட்டதும் கிலாஃபத் இயக்கத்தின் நிதி வற்றியது. 1925இல் ஹக்கீம் அஜ்மல் கான் அதனை டெல்லிக்கு மாற்றிக் காத்தார். மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. தாங்கள் திரும்பி வந்து வாழ்நாளை அதற்கே தருவதாக நண்பர் மூவரும் உறுதி கூறினர். பெர்லின் பட்டத்திற்கு அந்நாளில் எத்தகைய ஊதியம் கிடைத்திருக்கும் என்பதை மாணவர் எண்ணிப் பார்க்கலாம். 1926இல் திரும்பிய ஜாகிர் உசேன் ஏற்றது மாதம் நூறு ரூபாயைத் தாண்டாத ஊதியம். அதுவும் பல மாதங்கள் முழுமையாகக் கிடைத்ததில்லை. 29 வயதில் துணைவேந்தரானவர் 1948 வரை அப்பணியில் நீடித்தார்.

ஜெர்மனியிலிருந்து அவர் பெயர்த்து வந்து நட்டது எதுவுமில்லை எனலாம். ஆனால் சிறு குழந்தையின் கல்வியைப் பல்கலைக்கழகக் கல்விக்கு நிகராக மதிக்கும் பார்வை அவரோடு வந்தது. 1935இல் ஒக்லாவில் புதிய கட்டடத்திற்கு அடிக்கல் நாட்ட வேண்டியிருந்தபோது பெருந்தலைவர் எவரும் அழைக்கப்படவில்லை; பள்ளியின் மிக இளைய மாணவனே நாட்டினான். பெர்லின் நாள்களில் நட்புப் பூண்ட யூதப் பெண்மணி கெர்டா ஃபிலிப்ஸ்போர்ன், ஜாமியாவுக்கே வந்து சேர்ந்து மழலையர் கல்வியில் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார். முஸ்லிம் கல்விக்கூடம் ஒன்றில் குழந்தைகள் ஆபாஜான் என்று அழைத்தது அவரைத்தான். 1943இல் மறைந்த அவர் ஜாமியாவின் அடக்கத்தலத்திலேயே துயில்கிறார்.

1937இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாடு அமைத்த குழுவுக்கு ஜாகிர் உசேன் தலைவரானார். கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டம் அக்குழுவின் அறிக்கையில் உருப்பெற்றது. காந்தியடிகளின் இராட்டையும் பெர்லினில் கற்ற கல்விக் கொள்கையும் அதில் இணைந்தன. அத்திட்டம் எதிர்பார்த்தவாறு வேரூன்றவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. முஸ்லிம்களிடையேயும் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. பல பள்ளிகளில் நூல் நூற்பது மட்டும் எஞ்சி, அதன் வழியே அறிவூட்டும் நோக்கம் நழுவியது. குறை திட்டத்தினுடையதா, நடத்தியோருடையதா என்பதில் கல்வியாளரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

பின்னர் அலிகார் பல்கலைக்கழகத் துணைவேந்தர், பீகார் ஆளுநர், குடியரசுத் துணைத்தலைவர் என உயர்ந்து, 1967இல் குடியரசுத் தலைவரானார். 1969 மே 3 அன்று பதவியிலிருக்கும்போதே மறைந்தார். அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது ஜாமியா வளாகத்தில்.