கணித மேதை இராமானுஜனும் எங்க வீட்டு ஆஸ்பத்திரிக் கணக்கும்



இராமானுஜன் என்றதும் எல்லோரும் 1729-ஐச் சொல்வார்கள். அது உங்களுக்கு மனப்பாடம், விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது 1910-ஆம் வருடத்துக் கதை.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் எஃப்.ஏ. தேறவில்லை. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்து ஆறுதல் அடைய வேண்டாம். அவர் அந்த நேரத்தில் நோட்டு நோட்டாகத் தேற்றங்களை எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார்!

1909-ல் ஜானகியுடன் கல்யாணம் ஆயிற்று. அதையொட்டி அவருக்கு ஓதம் கண்டது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், வீட்டிலோ பணம் இல்லை. 1910 ஜனவரியில் ஒரு டாக்டர் காசு வாங்காமல் செய்து கொடுத்தார். அவரும் கையை விரித்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

எனக்கு ஏன் இந்த இடத்தில் மனசு நின்றுவிட்டது என்றால், எங்கப்பாவுக்கும் அதே ஓதம்தான். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். சிப்காட்டில் கம்பெனி வேலை என்றால் இ.எஸ்.ஐ. கிடைக்கும். சந்தைக் கூலிக்கு யார் பிடிப்பார்கள்?

போன வருடம் ஒரு ஏஜென்ட் இரண்டு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களைக் கொண்டு வந்தார். முதல் திட்டத்துக்கு வருடம் 6,000 ரூபாய் பிரீமியம். ஆஸ்பத்திரி பில்லில் ஐந்தில் ஒரு பங்கு நம்ம செலவு. இரண்டாவதுக்கு 9,000, பில்லில் பத்தில் ஒரு பங்குதான் நம்மது. எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்கிறவன் நான் என்பதால் பேப்பரை என்னிடம் நீட்டினார்கள். பில்லை எக்ஸ் என்று வைத்து அசமன்பாடு போட்டேன்.

6,000 + எக்ஸ்/5 < 9,000 + எக்ஸ்/10

இரண்டு பக்கமும் கழித்தால் எக்ஸ்/10 < 3,000. அதாவது பில் 30,000-க்குக் கீழே இருந்தால் முதல் திட்டம் லாபம், மேலே போனால் இரண்டாவது. 20,000 பில் வந்தால் 10,000-க்கும் 11,000-க்கும் வித்தியாசம். 50,000 வந்தால் 16,000, 14,000 என்று மாறிவிடும். பெருமையாகச் சொன்னேன். அப்பா கேட்டார், "அந்த எக்ஸ் எவ்வளவுன்னு முன்னாடியே எப்பிடிடா தெரியும்?" என்னிடம் பதில் இல்லை. அப்புறம் சின்ன எழுத்தைப் படித்தால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டுமாம், இரண்டு திட்டத்திலும்! என் அசமன்பாட்டில் அதற்கு இடமே வைக்கவில்லை. கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் நடந்தது. இப்போது நன்றாக இருக்கிறார்.

இராமானுஜன் கதைக்கு வருவோம். உடம்பு தேறியதும் வேலை கேட்டு வீடு வீடாக அலைந்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913-ல் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். 1915-ல் அவர் வெளியிட்ட பெரிய கட்டுரை, வகுத்திகள் நிறைய உள்ள எண்களைப் பற்றியது. 12-ஐப் பாருங்கள்: 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு வகுத்திகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. அடுத்தது 24, அதற்கு எட்டு. இந்த மாதிரி எண்களை ஆராய அவர் அசமன்பாடுகளைக் கையாண்ட விதத்தைப் பார்த்து ஹார்டியே வியந்து பாராட்டியிருக்கிறார். நாம் போடும் அதே < குறிதான்!

1917-ல் படுத்தார். காசநோய் என்று சானடோரியம் சானடோரியமாக மாற்றினார்கள். ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994-ல் ஒருவர் ஆராய்ந்து எழுதினார். படுக்கையில் இருந்தபோதுதான் 1918-ல் எஃப்.ஆர்.எஸ். பட்டமும் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ பதவியும் வந்தன.

1918-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுன் தர முன்வந்தது. அவர் எழுதிய பதில் என்ன தெரியுமா? பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தன் செலவும் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அனாதைகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று! இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஊர் திரும்பி ஒரு வருடம்தான். 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

இந்தக் கதை முழுவதையும் அப்பாவிடம் சொன்னேன். எஃப்.ஆர்.எஸ். பற்றி எல்லாம் கேட்கவில்லை. "அப்புறம் அந்தம்மாவுக்கு என்ன வழி?" என்றுதான் கேட்டார். பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் பென்ஷன் கொடுத்தது. ஜானகி அம்மாள் தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் துணி தைத்துக் கொடுத்தும், பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தும் 1994 வரை வாழ்ந்தார்.