கண்ணுக்கு மருந்து! கண்ணோட்டம் எங்கே?

கண்ணின் கருமணிக்கு மேலே கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. சிலருக்கு அது இளம் வயதிலேயே மெலிந்து, கூம்பு போலப் பிதுங்கிவிடுகிறது. பார்வை கலங்கும், எழுத்து சிதறும், எந்திரத்தின் முன் நிற்பவனுக்கு வேலையே ஆபத்தாகும். நோய் முற்றினால் படலத்தையே மாற்ற வேண்டிவரும்.

இன்று அதைத் தொடக்கத்திலேயே தடுக்க ஒரு வழி இருக்கிறது. மஞ்சள் நிறச் சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டு, அளந்த புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். தளர்ந்த நார்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகுகின்றன. போன பார்வையை முழுதும் மீட்பதல்ல இந்த வைத்தியம். நோய் மேலும் முற்றாமல் நிறுத்துவது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் இதை உருவாக்கி, நோயாளிகளிடம் கண்ட பலனை 2003-ல் வெளியிட்டார்கள். அமெரிக்க அரசு 2016-ல் அனுமதி தந்தது. மருந்தைச் சிறுகச் சிறுகக் கசியவிடும் கூழ்களை இறுக்கவும் இதே மஞ்சள் பொருளை ஆய்வுக்கூடங்களில் சோதித்து வருகிறார்கள்.

அந்தப் பொருளின் பெயர் ரிபோபிளேவின். வைட்டமின் பி2 என்பதும் அதுவே. பாலிலும் முட்டையிலும் ஈரலிலும் மறைந்து கிடந்த அதைத் தூய வடிவில் பிரித்தெடுத்தவர்களில் முதன்மையானவர் ரிச்சர்ட் கூன்.

1900-ல் வியன்னாவில் பிறந்தவர் அவர். மியூனிக்கில் பேராசிரியர் வில்ஸ்டேட்டரிடம் பயின்று 1922-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த ஆசான் யார்? இலையின் பச்சையம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1915-ல் நோபல் பரிசு பெற்ற மேதை. பிறப்பால் யூதர். பல்கலைக்கழகத்தில் யூத வெறுப்பு தலைதூக்கியபோது, அதைக் கண்டித்து 1924-ல் பேராசிரியர் பதவியையே உதறித் தள்ளியவர்.

மாணவர் மளமளவென்று உயர்ந்தார். 1926-ல் சூரிச்சில் பேராசிரியர். 1929-ல் ஹைடல்பர்க் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேதியியல் பிரிவின் தலைவர். 1933-ல் குழந்தை மருத்துவர் பால் கியோர்கியுடனும் வாக்னர்-யாரெக்குடனும் சேர்ந்து அந்த மஞ்சள் பொருளைப் பிரித்தெடுத்தார். 5,000 லிட்டருக்கு மேற்பட்ட பாலிலிருந்து கிடைத்தது ஏறத்தாழ 1 கிராம்! எத்தனை பேர் கறந்த பால்! எத்தனை பேர் வடித்த வடிப்பு! 1935-ல் அதைச் செயற்கையாகவும் ஆக்கிக் காட்டினார். சூரிச்சில் பால் கேரரும் தனியே அதைச் செய்து முடித்தார்.

அதே 1933-ல்தான் இட்லர் அரியணை ஏறினான். யூதரான கியோர்கி நாட்டை விட்டே வெளியேறினார். தோளோடு தோள் நின்றவன் துரத்தப்பட்டான். கூனோ பதவியில் நிலைத்தார். அதோடு நின்றாரா? 1936-ல் தம் நிறுவனத்தில் இன்னும் மூன்று யூதர்கள் வேலை பார்க்கிறார்கள் என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். ஆசான், யூதருக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். மாணவர், பதவியில் இருந்துகொண்டே யூதரைக் காட்டிக்கொடுத்தார். 1937-ல் அந்த நிறுவனத்துக்கே இயக்குநரானார். ஆசானோ 1939-ல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பியோடி, 1942-ல் அயல் மண்ணில் கண்மூடினார்.

1938-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு கூனுக்கு வழங்கப்பட்டது. ஜெர்மானியர் அதைப் பெறக்கூடாது என்று இட்லர் தடை போட்டிருந்தான். காரணம், சிறையில் வாடிய சமாதானப் போராளி ஒசியட்ஸ்கிக்கு நோபல் குழு பரிசு அளித்ததுதான். கூன் மறுத்தார், பதக்கம் போருக்குப் பிறகே கைக்கு வந்தது. எந்த ஆட்சிக்குக் கைகட்டி நின்றாரோ, அந்த ஆட்சியே அவர் கைக்கு எட்டிய பரிசைத் தட்டிப் பறித்தது! அப்போதாவது கண் திறந்ததா?

இல்லை. 1944-ல் அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து சோமன் என்ற நஞ்சு பிறந்தது. நரம்புகளை முடக்கி மூச்சை நிறுத்தும் கொடும் நஞ்சு. அதன் ஆவி பட்டால் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கும், உலகம் இருளும். அந்தப் போரில் அது பயன்படுத்தப்படவில்லை. ஆனால் அதைப் படைத்த கை எது? பாலிலிருந்து உயிர்ச்சத்தைப் பிரித்தெடுத்த அதே கை!

போர் முடிந்தது. கூன் மீண்டும் பேராசிரியர் ஆனார். மதிப்போடு வாழ்ந்து 1967-ல் ஹைடல்பர்க்கில் மறைந்தார். அவர் பெயரால் ஒரு பதக்கமும் ஏற்பட்டது. ஆனால் வரலாறு தூங்கவில்லை. ஜெர்மன் வேதியியலாளர் கழகம் 2005-ல், இனி அந்தப் பதக்கம் வேண்டாம் என்று நிறுத்தியது.

அப்படியானால் அந்த மருந்தையும் வீசி எறியலாமா? கூடாது! அது தனி ஒருவர் சொத்தல்ல. விரட்டப்பட்ட கியோர்கியின் உழைப்பும் அதில் உண்டு. பாலைக் கறந்தவர்களின் உழைப்பும் உண்டு. மருந்து மக்களுக்கு உரியது. பாராட்டைத்தான் தராசில் நிறுத்துத் தரவேண்டும்.

இரக்கத்துக்குத் தமிழன் இட்ட பெயர் கண்ணோட்டம். கண் இருப்பது காண்பதற்கு மட்டுமல்ல, பிறர் துயர் கண்டு கசிவதற்கும்தான் என்பது அதன் பொருள். பக்கத்தில் வேலை செய்பவனைத் துரத்தும்போது பேசாதிருப்பவன், அடுத்து அவனைக் காட்டிக்கொடுக்கவும் கூசமாட்டான். ஆய்வுக்கூடத்துக்கு மட்டுமா இது? ஆலைக்கும் பொருந்தும், அலுவலகத்துக்கும் பொருந்தும்.

படலம் மெலிந்தால் இறுக்குவதற்கு மருந்து இருக்கிறது. நெஞ்சம் இறுகிப்போனால் இளக்குவதற்கு எந்தச் சொட்டு மருந்தும் இல்லை!