பரணிலிருந்து இறங்கிய ட்ரம்பெட்டும் ஆர்பான் புத்தகமும்

ஸ்கூல் பேண்டுல ட்ரம்பெட் ஊதிட்டு, ப்ளஸ் டூ வந்ததும் அதைப் பரணில் ஏத்திட்ட ஆளா நீங்க? நானும் அப்படித்தான். போன செமஸ்டர் லீவுல இறக்கி ஊதிப் பார்த்தேன். விரலுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. உதடு மட்டும் ரெண்டே நிமிஷத்துல கைவிட்டுடுச்சு, வெறும் காத்துதான் வந்தது. அடுத்து ஒரு பெரிய சிக்கல்: இனி எதை வாசிச்சுப் பழகுறது? பழைய மார்ச் பாட்டு முடியல, ஆரம்பப் பாடமோ ஒரே போர். நம்மள மாதிரி திரும்பி வர்றவங்க கையில பெரும்பாலும் ஒரே புத்தகத்தைத்தான் கொடுப்பாங்க. அதை எழுதின மனுஷனைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

ழான் பாப்டிஸ்ட் ஆர்பான் 1825ல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் பிறந்தார். பித்தளை வாத்தியத்துக்கு வால்வு வந்தே அப்போ சில வருஷம்தான் ஆகியிருந்தது. அதுக்கான காப்புரிமை பெர்லினில் 1818ல் பதிவானது. அதுக்கு முன்னாடி ட்ரம்பெட் என்பது நீளம் மாறாத ஒரு குழாய், ஹார்மோனிக்ஸ் மட்டும்தான் வரும். வால்வு வெச்ச கார்னெட்டோ எல்லா ஸ்வரமும் வாசிச்சது. ஆனா நடனக் கூடத்து வாத்தியம்னு பெரிய இடங்கள்ல அதுக்கு மரியாதை இல்லை.

ஆர்பான் 1841ல் பாரிஸ் கன்சர்வேட்டரியில் சேர்ந்து, டோவெர்னேயிடம் ட்ரம்பெட் படித்தார். 1848ல் புல்லாங்குழலுக்காக போம் எழுதிய இசையைக் கார்னெட்டில் வாசித்துக் காட்டினார். நாக்கை ரெட்டையா அடிச்சு அவ்வளவு வேகம் பித்தளையில் வரும்னு நிரூபிச்சார். 1857ல் ராணுவ இசைப் பள்ளியில் சாக்ஸ்ஹார்ன் ஆசிரியர் ஆனார். அங்கே பாடம் எடுத்தபடியே 1864ல் அந்தப் பெரிய புத்தகத்தை வெளியிட்டார்.

கார்னெட்டுக்கு ஒரு வகுப்பு வேணும்ங்கிறதுதான் அவர் ஆசை. 1869ல் கன்சர்வேட்டரி அந்த வகுப்பைத் தொடங்கி அவரையே நியமிச்சது. 1874ல் வேலையை விட்டுட்டு ரஷ்யாவில் கச்சேரி நடத்தப் போனார். 1880ல் திரும்பி அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஆக, விட்டுட்டுத் திரும்பி வந்தவர்தான் அவரும்!

கடைசிக் காலத்தில் பூவே என்ற இன்ஜினியரோட சேர்ந்து கார்னெட்டின் சுருதியைச் சரி பண்ணப் பார்த்தார். கணக்கு நம்ம பாடம்தான். முதல் வால்வு குழாயை 12.2 சதவீதம் நீட்டும், ரெண்டாவது 5.9. சேர்த்து அழுத்தினா 18.1 வரும்; மூணு அரை ஸ்வரம் இறங்க 18.9 வேணும். குழாய் பத்தாது, சுருதி ஏறிடும். மூணையும் அழுத்தினா இன்னும் மோசம். 1889ல் பாரிஸில் இறந்தார். அந்தக் குறையோடதான் நாம இன்னிக்கும் மல்லுக்கட்டுறோம்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். கார்னெட்டுக்கு எழுதினதுதான், ஆனா விரல் போடுறது ட்ரம்பெட்டுக்கும் அதேதான். பழைய பதிப்புக்குக் காப்புரிமை காலம் முடிஞ்சதால நெட்டுல இலவசமாவே கிடைக்குது. பின்பக்கம் இருக்கிற 14 பெரிய பயிற்சிகளையும் 'வெனிஸ் கார்னிவல்' வேரியேஷனையும் ஆசையில் தொட்டுடாதீங்க, உதடு பழுத்துடும். முன்பக்க நீள ஸ்வரங்களை தினம் பத்து நிமிஷம் ஊதுங்க, ஊதின நேரத்துக்குச் சமமா ஓய்வு எடுங்க. அப்புறம் நடுவுல இருக்கிற 150 சின்ன மெட்டுகளுக்குப் போங்க. திரும்பி வர்றவங்களுக்கு நிஜமான பொக்கிஷம் அதுதான்னு நான் நினைக்கிறேன்: நீளம் கம்மி, நிஜமான பாட்டு, மூச்சுக்கும் அடக்கம். துணைக்கு ஆள் கிடைச்சா ரெண்டு பேர் வாசிக்கிற டூயட்டும் 68 இருக்கு.

நான் அந்த 150ல் பதினொண்ணாவதுல நிக்கிறேன். டூயட்டுக்கு ஆள் தேடிட்டு இருக்கேன். ஹாஸ்டல் மொட்டை மாடி, சாயங்காலம் ஆறு மணி.